ஏரிக்கரையில் தட்டு மாற்றிய கதை

கோவிலம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வடகம் காயப் போடும்போதெல்லாம் தலைக்கு மேலே விமானம் போகும். முப்பது வருடமாக அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி கண்டதுதான் மிச்சம். ஐம்பத்தெட்டாவது வயதில், போன செப்டம்பர் கடைசியில், அப்படி ஒரு விமானத்துக்குள் நானே உட்கார்ந்திருந்தேன். ஜன்னலோரம். மேலே கிளம்பியதும் என் மொட்டை மாடியைத் தேடினேன். அத்தனை மொட்டை மாடிகளும் என்னுடையது மாதிரியே இருந்தன. பக்கத்து இருக்கைக்காரரிடம் குத்துமதிப்பாக ஒன்றைக் காட்டி, "அதோ எங்க வீடு" என்று சொல்லிவிட்டேன். அவரும் மரியாதையாகத் தலையாட்டினார்.

போன காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரே பெண், நித்யா. சிறுசேரியில் ஆறு வருடம் சாஃப்ட்வேர் வேலை பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன் கனடாவில் குடியேற அனுமதி கிடைத்து, டொரண்டோவில் அதே மாதிரி வேலை. நான் தாம்பரத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் வகுப்பில் படித்த பிள்ளைகளிடம், அவர்கள் அம்மாக்களிடம், காய்கறிக்காரரிடம், எல்லோரிடமும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது அவள் நகத்துக்குள் மண் இருந்தது. "என்னடி நகத்துல அழுக்கு?" என்று சும்மாத்தான் கேட்டேன். குட்டு உடைந்துவிட்டது. மார்ச்சிலேயே வேலையை விட்டுவிட்டாளாம். ஏரிக்கரையில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் கொடி கட்டிக்கொண்டிருக்கிறாளாம்.

ஆகஸ்டில், அந்தத் தோட்டத்தையே ஐந்து வருடக் குத்தகைக்கு எடுக்கப் போவதாகச் சொன்னாள். சேர்த்து வைத்த பணம் மொத்தமும் அதில் போகும். பழைய ஆபீசிலிருந்தும் திரும்ப வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது, அக்டோபர் முதல் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். தோட்டத்துச் சொந்தக்காரருக்கு அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "நீ வந்து பாரும்மா. நீ சரின்னு சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவேன். வேண்டாம்னா வேண்டாம்" என்றாள்.

என் வீட்டுக்காரருக்கு மூட்டு ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்தான். அவர் சாய்வு நாற்காலியிலிருந்து உத்தரவு போட்டார்: "போய் வேண்டாம்னு சொல்லு. ஆபீஸ்ல திரும்ப உக்கார வச்சுட்டு வா." நானும் அதே எண்ணத்தோடுதான் பெட்டி கட்டினேன். விமான நிலையம் போகும் வழியில் ஆட்டோக்காரர் கேட்டார்.

"இன்னா மேடம், ஃபாரினா? பொண்ணு சாஃப்ட்வேரா?"

"ஆமாப்பா, சாஃப்ட்வேர்தான்."

"சூப்பர் மேடம். எம் பொண்ணும் கம்ப்யூட்டர்தான் பட்ச்சிகினு கீது."

பொய் சொன்ன வாயை வழியெல்லாம் மூடிக்கொண்டு வந்தேன்.

டொரண்டோவில் நித்யா காரோடு வந்திருந்தாள். கறுத்திருந்தாள், இளைத்திருந்தாள், கட்டிப் பிடித்தபோது முதுகு இரும்பு மாதிரி இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம். வழியில் அவள் பெட்ரோல் போடப் போனாள். எதிரில் ஒரு பெரிய கடை. எனக்குக் கை பரபரத்தது. முதன்முதலாக ஒருவர் வீட்டுக்குப் போகிறோம், வெறுங்கையை வீசிக்கொண்டா போவது? ஊரிலிருந்து எவர்சில்வர் தாம்பாளம் கொண்டுவந்திருந்தேன், மஞ்சள் குங்குமம் இருந்தது, பாக்கு இருந்தது, ஒரு ரவிக்கைத் துணியும் இருந்தது. தோட்டக்கார வெள்ளைக்கார அம்மாவுக்கு ரவிக்கைத் துணி எதற்கு என்று கேட்காதீர்கள். தாம்பாளம் என்றால் அது இருக்கும். பழம் மட்டும்தான் பாக்கி. விமானத்தில் பழம் கொண்டுவரக் கூடாதே. பத்தே நிமிடத்தில் பளபளவென்று ஆறு ஆப்பிள், ஒரு பெட்டி திராட்சை வாங்கி, பைக்குள் ஒளித்துக்கொண்டேன். நித்யாவுக்கு ஒரு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அந்த ஊர் ஒண்டாரியோ ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிலம். ஊர்க்காரர்கள் வெறுமனே "கவுண்ட்டி" என்கிறார்கள், நம் ஊர் மாவட்டம் மாதிரி. ஒரு வளைவில் திரும்பியதும் வலது பக்கம் முழுக்க ஆப்பிள் மரங்கள், இடது பக்கம் வரிசை வரிசையாகத் திராட்சை, கடைசியில் நீலமாகத் தண்ணீர். ஆப்பிள்கள் இவ்வளவு தாழக் காய்க்கும் என்று எனக்குத் தெரியாது. நித்யா வண்டியை நிறுத்துவதற்குள் கதவைத் திறந்துவிட்டேன், திட்டு வாங்கினேன்.

ஏரி என்றால் எனக்கு நாராயணபுரம் ஏரி, மேடவாக்கம் ஏரி. இக்கரையில் நின்றால் அக்கரையில் அடுக்குமாடியும் அதில் காயும் துணியும் தெரிய வேண்டும். இதற்கு அக்கரையே இல்லை. அலை வேறு அடிக்கிறது. இது கடல்தான், என்னை ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றி, குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை. "அம்மா! யாராவது பாக்கப் போறாங்க!" என்று நித்யா கத்தினாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தார் ஒருவர்.

அவர்தான் ஹெலன், தோட்டத்துச் சொந்தக்காரர். என் வயதுதான் இருக்கும். முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ், ஒரு பக்கம் சாய்ந்த நடை. இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டதால்தான் தோட்டத்தைக் குத்தகைக்கு விடுகிறார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு தாம்பாளத்தை அடுக்கி, இரண்டு கையாலும் நீட்டினேன்.

ஹெலன் ஒரு ஆப்பிளை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "சிலி" என்றார். அடுத்ததை எடுத்தார். "இதுவும் சிலி." திராட்சைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "கலிபோர்னியா." அப்புறம் என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஆறு ஏக்கர் ஆப்பிள் மரம் கிளை முறியக் காய்த்து நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழத் தோட்டக்காரர் வீட்டுக்கு, உலகத்தின் மறுகோடியிலிருந்து கப்பலில் வந்த பழத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். நித்யா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"இந்த ஆப்பிள்கள் என்னைவிட அதிக ஊர் பார்த்திருக்கின்றன" என்றார் ஹெலன். சிரிக்கிறாரா கோபிக்கிறாரா தெரியவில்லை. தாம்பாளத்தோடு உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். தாம்பாளம் நிறைய அவர் தோட்டத்து ஆப்பிள், கறுப்புத் திராட்சைக் கொத்து, ஒரு பாட்டில் தேன். யாருடைய பாத்திரத்தையும் காலியாகத் திருப்பித் தரக் கூடாது என்பது அவர் வீட்டு வழக்கமாம். இரண்டு கையாலும் நீட்டினார். எனக்குப் பரம சந்தோஷம். நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

நித்யா கையை எடுத்தாள். அழுகிறாளென்று நினைத்தேன், குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, தட்டு மாத்திட்டியே!"

மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். மஞ்சள், குங்குமம், பாக்கு, பழம், துணி. ஒரு தட்டு போய் ஒரு தட்டு வந்தாயிற்று. நம் ஊரில் இதற்குப் பெயர் நிச்சயதார்த்தம். இதற்குப் பிறகு வேண்டாம் என்று சொன்னால் மண்டபத்தில் அடிதடியே நடக்கும். வேண்டாம் என்று சொல்வதற்காகவே இத்தனை தூரம் பறந்து வந்தவள், வண்டியைவிட்டு இறங்கிய கால் மணி நேரத்தில் சம்பந்தத்தை முடித்துவிட்டேன்.

ராத்திரி தூங்கும் முன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அங்கே காலைக் காப்பி நேரம். "ஏங்க, தெரியாம தட்டு மாத்திட்டேங்க." மறுமுனையில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. "என்னது? யாருக்கு? பையன் யாரு?" பையன் இல்லை, திராட்சைத் தோட்டம் என்று விளக்குவதற்குள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் டமார் என்று ஒரு வெடிச் சத்தம். தூக்கத்தில், தீபாவளி வந்துவிட்டது, இன்னும் எண்ணெய் காய்ச்சவில்லையே என்று பதறி எழுந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் இன்னொரு டமார். பழம் தின்ன வரும் பறவைகளை விரட்ட, கேஸ் சிலிண்டரில் ஓடும் ஒரு பீரங்கியைத் தோட்டத்தில் வைத்திருக்கிறார்கள். அது பாட்டுக்கு நாளெல்லாம் வெடித்துக்கொண்டிருக்கும். பறவைகளும் முதல் டமாருக்கு எழும்பி, வட்டமடித்து, அதே கொடியில் வந்து உட்காருகின்றன. கொடிகளுக்குக் கொசுவலை மாதிரி நீளமாக வலை வேறு போட்டிருக்கிறார்கள். அதற்குள்ளும் ஒரு குருவி எப்படியோ நுழைந்து ஹாயாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து டிபன் சாப்பிடும் பிள்ளைகள் நினைவு வந்தது.

தோட்டத்தில் ஹொசே என்று ஒருவர். மெக்சிகோவிலிருந்து வருடா வருடம் வசந்தத்தில் வந்து, அறுவடை முடிந்து பனி விழும் முன் ஊர் திரும்புகிறார். மத்தியான சாப்பாட்டுக்கு மரத்தடியில் உட்கார்ந்தோம். நான் தயிர்சாதமும் வறுத்த மோர்மிளகாயும் எடுத்துப் போயிருந்தேன். அவர் ரொட்டிக்குள் எதையோ வைத்துச் சுருட்டி, சிவப்பாக ஒரு காரத்தை ஊற்றிச் சாப்பிட்டார். ஒருவர் டப்பாவை ஒருவர் எட்டிப் பார்த்தோம். அவர் ஒரு மோர்மிளகாயை எடுத்து முழுசாக வாயில் போட்டார். கண் கலங்கிவிட்டது. "ஐந்து மாதமாக இந்த ஊரில் எல்லாமே பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது, அம்மா" என்றார். அன்றிலிருந்து அவருக்குத் தினமும் நாலு எடுத்து வைத்தேன்.

மூன்றாம் நாள் நித்யாவுக்கு வேலை இருந்தது. நான் தனியாகக் கிளம்பினேன். தோட்டத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால், ஏரி ஒடுங்கி நிலத்துக்குள் வரும் இடத்தில் ஒரு படகுத்துறை. கார்களையே ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் பெரிய படகு. டிக்கெட் எங்கே வாங்குவது என்று மஞ்சள் சட்டைக்காரரிடம் கேட்டேன். கட்டணம் கிடையாது என்றார். நான் நம்பவில்லை. இறங்கும்போது பிடுங்குவார்கள் என்று நினைத்துப் பர்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கம்பியோரம் நின்றேன். பதினைந்து நிமிடத்தில் அக்கரை. யாரும் எதுவும் கேட்கவில்லை. நிஜமாகவே ஓசி!

ஓசி என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? போனேன், வந்தேன், மறுபடி போனேன். நாலாவது தடவை மஞ்சள் சட்டைக்காரர், "அம்மா, நீங்கள் எந்தக் கரைக்குப் போக வேண்டும்?" என்று கவலையோடு கேட்டார். "எந்தக் கரையாக இருந்தாலும் சரி" என்றேன். ஐந்தாவது தடவை காற்று பலமாகி, அக்கரையில் வைத்துப் படகை நிறுத்திவிட்டார்கள். போனிலும் சார்ஜ் இல்லை. ஒன்றரை மணி நேரம் ஒரு பெஞ்சில், காற்றில் பறக்கும் புடவையை மடித்து உட்கார்ந்திருந்தேன். கேளம்பாக்கம் ஜங்ஷனில் பஸ் வராமல் நின்ற காலங்களில் வந்த எரிச்சல் ஒரு துளிகூட வரவில்லை. படகு வந்தபோது அதன் முனையில் நித்யா நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. சின்ன வயதில் அவள் தெருவில் விளையாடிவிட்டு இருட்டி வரும்போது நான் நிற்பேனே, அச்சு அசல் அதே மாதிரி.

வெள்ளிக்கிழமை திராட்சை அறுவடை. கொடி வெட்டும் கத்தரியை என் கையிலும் கொடுத்தார்கள். இங்கே ஒரு வழக்கம். ஒரு வரிசைக் கொடிக்கு இரண்டு பேர், இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், எதிரெதிரே நின்று வெட்டிக்கொண்டே நகர வேண்டும். பழம் இருக்கும் உயரத்தில் இலையைக் கழித்துவிட்டிருப்பதால், தலையைத் தூக்கினால் எதிராளியின் முகம் நேராகத் தெரியும். என் எதிரே நித்யா.

முதல் அரை மணி நேரம் போட்டி. எதிர்ப் பக்கம் வெட்டுகிற சத்தம் கேட்டால் எனக்கு வேகம் வரும். பெட்டி நிரம்ப நிரம்ப ஹொசே வந்து தூக்கிப் போனார். திராட்சை நம் ஊர்ப் பன்னீர் திராட்சையைவிடச் சின்னது, தோல் தடிமன், கொட்டை நிறைய, ஆனால் இனிப்பு பல்லைப் பிடிக்கும். ஒன்று பெட்டிக்கு, ஒன்று வாய்க்கு என்று வெட்டினேன். விரலிலும் ஒரு வெட்டு விழுந்தது.

"அம்மா, நீ கேக்கவே இல்லையே, ஏன் வேலைய விட்டேன்னு" என்றாள் கொடிக்கு அந்தப் பக்கமிருந்து.

"நீயே சொல்லுவேன்னுதான்."

"டொரண்டோல வீட்லேர்ந்தேதான் வேலை. காலைல லாகின் பண்ணுவேன், கேமரா ஆஃப். எல்லாம் டைப்பிங்லதான். ஒரு வெள்ளிக்கிழமை கடையில பை வேணுமான்னு கேட்டாங்க. வேண்டாம்னு சொல்ல வாயத் தொறந்தா குரலே வரல. யோசிச்சுப் பாத்தா, அந்த வாரம் பூரா நான் ஒரு வார்த்தை பேசல."

என் கத்தரி நின்றுவிட்டது. "ஞாயித்துக்கிழமை என்கூடப் பேசுவியே?"

"நீ பேசுவ. சாப்பிட்டியா, இன்க்ரிமென்ட் வந்துச்சா, கேப்ப. நான் ம்... ம்... சொல்லுவேன்."

உண்மைதான். அப்படித்தான் கேட்டேன். அந்த இடத்தில் எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. என் பெண்ணின் குரல் போய்விட்டதை, நகத்தில் மண் இருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

அவள் வெட்டிக்கொண்டே சொன்னாள். வேலையை விட்ட பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் ஏப்ரலில் ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்திருக்கிறாள். வயலில் நாலைந்து பேர் குனிந்து எதையோ தோண்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே குளிர் கொடியைக் கொன்றுவிடுமாம். அதனால் நவம்பரில் கொடியின் கீழ்க்கிளைகளைத் தரையோடு கட்டி, மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறார்கள். ஏப்ரலில் கையால் தோண்டி எடுத்து மறுபடி கம்பியில் கட்டுகிறார்கள். ஹெலன் இவளைப் பார்த்து, "சும்மா நிற்கிறாயே, கை இருக்கிறதல்லவா?" என்று கேட்டிருக்கிறார். சாயங்காலம் வரை தோண்டியிருக்கிறாள். "அன்னிக்கு எல்லார்கூடயும் கத்திக் கத்திப் பேசினேன்மா. தொண்டை வலிச்சுது."

"குளிர்ல எல்லாம் கருகிப் போச்சுன்னா?" என்று கேட்டேன்.

"போகலாம். முன்ன ஒரு வருஷம் பாதி போச்சாம்." மழுப்பாமல் சொன்னாள்.

சாயங்காலம் கொட்டகையில் திராட்சையைப் பிழிந்தார்கள். குழாயிலிருந்து விழும் சாற்றை ஹெலன் ஒரு டம்ளரில் பிடித்து நீட்டினார். இது ஒயின் இல்லையே என்று கேட்டேன். இல்லை, இன்னும் புளிக்கவே ஆரம்பிக்கவில்லை என்றார். நிச்சயமாகவா என்றேன். நிச்சயமாக என்றார். நித்யாவிடம் தனியாகக் கேட்டேன், ஹொசேயிடமும் கேட்டேன். மூன்று சாட்சி கிடைத்த பிறகு குடித்தேன். அப்படி ஒரு தித்திப்பு. இரண்டாவது டம்ளரில் தலை கிறுகிறுப்பது போலிருந்தது. மூன்றாவதில், மூன்று பேரும் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டார்கள், எனக்குப் போதை ஏறிவிட்டது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். வந்த தைரியத்தில் ஒன்பதாம் வாய்ப்பாட்டைத் தமிழில் தலைகீழாகச் சொல்லிக் காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். காய்ச்சல் மாதிரி ஒரு சந்தோஷம். வெறும் பழச்சாறுதான் அது என்று மறுநாள் காலை ஒத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஹெலன் வீட்டுச் சமையலறையில், ரொம்பப் புளிக்கிறதென்று ஒதுக்கி வைத்த பச்சை ஆப்பிள்களைத் துருவி, மாங்காய்த் தொக்கு மாதிரி கிளறினேன். கடுகு வெடித்தபோது வீட்டில் புகை மணி அலறியது. ஹெலன் ஒரு நாற்காலியில் ஏறி அதை அணைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். தொக்கை ரொட்டியில் சீஸோடு வைத்துச் சாப்பிட்டார். நெற்றியில் வேர்வை. "இன்னும் கொஞ்சம்" என்றார்.

அவர் வாயில் தொக்கு இருக்கும்போதே கேட்டுவிடுவது என்று, கணக்கு டீச்சர் தோரணையில் ஆரம்பித்தேன். "உங்கள் இடுப்பு ஆபரேஷன் செய்து சரியாகிவிட்டால் தோட்டத்தைத் திரும்பக் கேட்பீர்களா?"

"ஐந்து வருடத்துக்குக் கேட்க மாட்டேன். எழுதியே வைத்திருக்கிறேன்."

"கொடி செத்துப் போனால்?"

"அந்த வருடக் குத்தகை கிடையாது. அதுவும் எழுதியிருக்கிறது."

"அவளுக்குத் தெரியாதது எத்தனையோ இருக்குமே?"

"நிறைய. எனக்கும் தெரியாதது நிறைய இருக்கிறது" என்றார் ஹெலன். "ஆனால் அவளுக்குப் பிடித்திருக்கிறது. எல்லாம் தெரிந்தவர்களும் தோட்டத்தைக் கேட்டு வந்தார்கள், அவர்களுக்கு இங்கே ஹோட்டல் கட்டத்தான் பிடித்திருந்தது."

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், கடையில் குரல் வராமல் நின்றதையும் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று அலோ அலோ என்றேன்.

"இருக்கேன்" என்றார். "நேர்ல பாத்தவ நீ. தட்டு மாத்துனவளும் நீ. நீயே சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஹெலனின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். காகிதங்கள், ஒரு பேனா. ஹெலன் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். நித்யா என்னைப் பார்த்தாள். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், இருந்தும் கல்யாணப் பெண் மாதிரி எனக்குத்தான் முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்குச் சம்மதம். போடு" என்றேன்.

அவள் துள்ளிக் குதிப்பாள், என்னைக் கட்டிக்கொள்வாள் என்று காத்திருந்தேன். பேனாவை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது.

"என்னடி?"

"நீ வேண்டாம்னு சொல்லுவேன்னு நெனச்சேன்மா."

எனக்குப் புரியவில்லை. ஹெலனுக்குத் தமிழ் புரியாததால் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ கண்டிப்பா வேண்டாம்னு சொல்லுவ. நான் அழுதுட்டு ஆபீசுக்குப் போயிடுவேன். அம்மா மட்டும் விட்டிருந்தா தோட்டம் எடுத்திருப்பேன்னு காலம் பூரா சொல்லிக்கிட்டு இருப்பேன். அப்படித்தான் நெனச்சு வச்சிருந்தேன். அதான் உன்ன வரச் சொன்னேன்." குரல் உடைந்தது. "இப்ப நீ சரின்னுட்ட. போச்சுன்னா யார் மேல பழி போடறது? நிஜமாவே பயமா இருக்கும்மா."

சிரிப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஒரு விஷயம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் நான் வந்த காரியம் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. "சரி விடு, உனக்கும் மனசில்ல, வா போகலாம்" என்று சொன்னால் போதும். நாளைக்கே அவள் ஆபீசில் உட்கார்ந்துவிடுவாள். நான் ஊருக்குப் போய் எந்த ஆட்டோவிலும் வாய் நிறைய சாஃப்ட்வேர் என்று சொல்லலாம். பழியும் என் மேல் வராது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் அவள் இதை என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். கண்ணீரோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இரண்டு வருடத்தில் என்னிடம் பேசாததையெல்லாம் சேர்த்து, சத்தமாக.

"ரொம்ப பயமா இருக்கா?" என்றேன்.

"ஆமா."

"இருக்கட்டும். மொதல்ல கையெழுத்தப் போடு. போட்டுட்டு நிதானமா உக்காந்து பயப்படு."

அவள் என்னைப் பார்த்தாள். அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு பீறிட்டு வந்தது. குனிந்து, காட்டிய ஐந்து இடங்களிலும் போட்டாள். கடைசிக் கையெழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது.

வெளியே ஹொசே டிராக்டரிலிருந்து கூப்பிட்டார். கடைசி நாலு வரிசை பாக்கி, மழை வரும் போலிருக்கிறது என்றார். நித்யா மூக்கைத் துடைத்துக்கொண்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினாள். நாலாவது படியில் திரும்பி, "எத்தன பெட்டி இருக்கு?" என்று கத்தினாள். ஊருக்கே கேட்டிருக்கும்.

"அவளிடம் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார் ஹெலன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதை மாற்றிச் சொன்னேன். அவர், "நானும் இருபத்தெட்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்" என்று சொல்லி, டீ போட எழுந்தார்.

நான் அதே நாற்காலியில், நிதானமாக, பயப்பட ஆரம்பித்தேன்.